எந்த வரி நீலமா இருக்கு

நவம்பர் 3, திங்கள்

ராயப்பன் சொன்னதால் இதை எழுதத் தொடங்குகிறேன். "ஒவ்வொரு படியையும் எழுதி வை செல்வி. நாளைக்கு குழுவுல யாராச்சும் கேட்டா அப்படியே தூக்கிப் போட்டுரலாம்" என்றான். குழு என்பது எங்கள் வாட்ஸப் குழு. பார்வையில்லாத ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கணினித் தொல்லைகளைப் பேசிக்கொள்ளும் இடம். ராயப்பன் மதுரையில் வங்கி அதிகாரி, கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவன். அவனுக்கும் என்னைப் போலப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

நிலைமை இதுதான். என் லேப்டாப் பழையது. அதில் ஓடும் விண்டோஸ் பத்துக்குப் போன மாதத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. பள்ளியில் மதிப்பெண் பதிவுக்கு வாங்கியிருக்கும் புது மென்பொருள் பதினொன்றில்தான் ஓடும். பதினொன்றைப் போடப் போனால், இந்தக் கணினிக்கு அந்தத் தகுதி இல்லை என்று திரைவாசிப்பான் படித்துக் காட்டுகிறது. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அது பேசாவிட்டால் என் லேப்டாப் வெறும் பலகை.

தலைமையாசிரியை நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "நீங்க ஏன் சிரமப்படுதீங்க டீச்சர்? உங்க வரலாறு மார்க்கையும் அமுதா டீச்சரே சேத்துப் போட்டுருவாங்க." வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் வகுப்பு மதிப்பெண்ணை நான்தான் பதிகிறேன். அரையாண்டுத் தேர்வுக்குள் ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். புதுசு வாங்கிவிடுங்கள் என்றார்கள். புது லேப்டாப்புகளின் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தேன். எல்லா விசையும் ஒட்டிக்கொண்டு, சமையலறை டைல்ஸைத் தடவுவது போல இருந்தது. என்னுடையதில் மேல் வரிசை விசைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. எது எங்கே என்று விரலுக்குத் தெரியும். இது ஓடுகிற வரை ஓடட்டும்.

நவம்பர் 8, சனி

பென் டிரைவ் தயார். தகுதிச் சோதனையைத் தாண்டிப் போகிற மாதிரி விண்டோஸ் பதினொன்றைப் பென் டிரைவில் ஏற்ற ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. ராயப்பன் போனில் சொல்லச் சொல்ல நானே செய்தேன். இதுவரை எல்லாம் பேசியது.

பேசாத இடம் இனிமேல்தான். லேப்டாப்பை அணைத்துப் பென் டிரைவிலிருந்து திறக்கும்போது திரைவாசிப்பான் இருக்காது. நிறுவுகிற நேரத்திலும் இந்தப் பழைய இயந்திரத்தின் ஒலிக்கருவியைப் பதினொன்று அடையாளம் காணாது. முழு மௌனம். பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படித்துச் சொல்ல வேண்டும்.

போனில் இருக்கும் கேமரா செயலியை முதலில் முயன்றேன். "ஒரு மேஜை மீது மடிக்கணினி உள்ளது" என்றது. அது எனக்கே தெரியும்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நான் என்னத்துக்கு இருக்கேன்? போன்கிட்ட போய் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அப்பா ரயில் தபாலில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு, யார் யாரோ கிறுக்கிய விலாசங்களைப் படித்தவர். வேலை முடிந்து வந்து எனக்குப் பாடப் புத்தகம் வாசிப்பார். நான் பி.ஏ., எம்.ஏ., பி.எட். எல்லாம் முடித்தது அப்பாவின் வாயால்தான். பின்னாளில் கேசட்டில் வாசித்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போவார். அந்தக் கேசட்டுகளை எல்லாம் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

பாடக் குறிப்புகளை வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்தேன். அப்பாவின் பதிவுகள் டி டிரைவில் இருக்கின்றன. நாம் அழித்துவிட்டு நிறுவப்போவது சி டிரைவில் மட்டும். டி-யைத் தொடப்போவதில்லை. அது பெரிய ஃபோல்டர், நகல் எடுக்க நேரமாகும். விட்டுவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் முயற்சி. நடக்கவில்லை.

லேப்டாப்பைத் திறக்கும்போது ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதில் தேர்வு செய்ய வேண்டும். தேர்வாகியிருக்கும் வரி நீலமாக இருக்குமாம். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வந்துட்டு. ஒரு பெட்டி மாதிரி. உள்ள நாலு வரி இருக்கு."

"எந்த வரி நீலமா இருக்குப்பா?"

நாற்காலி இன்னும் முன்னால் நகர்ந்தது. அவருடைய மூச்சு கீபோர்டின் மேல் என் கைக்குப் பட்டது.

"ரெண்டாவது."

"அதுல யு.எஸ்.பி.ன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு போட்டிருக்கு. அமுக்கு."

அமுக்கினேன். பழைய விண்டோஸ்தான் திறந்தது. மறுபடியும் செய்தோம். இந்த முறை மூன்றாவது என்றார். மறுபடியும் பழையது. அதற்கடுத்த முறை முதல் வரியே யு.எஸ்.பி. என்றார்.

"என்னப்பா, ஒவ்வொரு தடவையும் இடம் மாறுதா?"

"எழுத்தா போட்டிருக்கான்? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இந்தத் திரையில ஒரே அழுக்கு வேற. டியூப் லைட்டும் மினுக்கு மினுக்குன்னுது."

திரையைத் துணி வைத்துத் துடைத்தேன். மதியத்துக்கு மேல் அப்பா தலைவலி என்று படுத்துவிட்டார். மாவு அரைத்து வைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

டியூப் லைட் மாற்றியாயிற்று. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

காலையிலிருந்து மழை. பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள் பிரெயிலில் எழுதி முடித்தேன். நான் வாசிக்க வாசிக்க அமுதா டீச்சர் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னார்.

அப்பா ஸ்கூட்டரை விற்கப்போகிறாராம். "பெட்ரோல் போட்டு கட்டுப்படியாகாது. பஸ்ஸுதான் நல்லது" என்கிறார். தீபாவளிக்கு முன்னாலிருந்தே அவர் ஸ்கூட்டரை எடுத்துக் கேட்கவில்லை. விற்கட்டும்.

சாப்பிடும்போது என் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். இந்த வாரத்தில் முதல் தடவை இல்லை. டம்ளரை ஓரத்தில் வைத்தது என் தப்பு என்றார். நான் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைத்தேன். சின்ன விஷயம்.

நவம்பர் 16, ஞாயிறு

முடிந்தது. பதினொன்று ஓடுகிறது. படிகளை வரிசையாக எழுதுகிறேன்.

பட்டியல் தொல்லைக்கு ராயப்பன் ஒரு வழி சொன்னான். அவனுடைய பழைய லேப்டாப்பும் இதே கம்பெனி. கீழ் அம்பை இத்தனை தடவை அமுக்கினால் யு.எஸ்.பி. வந்துவிடும் என்று கணக்கு வைத்திருந்தான். அப்படியே செய்தேன், வந்துவிட்டது. அங்கே அப்பா தேவைப்படவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். "அப்போ நான் போய் பேப்பர் பாக்கட்டுமா?" என்றார். "இருங்கப்பா, இனிமேதான் நெறய படிக்கணும்" என்றேன்.

அதன் பிறகு வந்த பக்கங்களில் எழுத்து பெரிதாக இருந்திருக்க வேண்டும். மொழி, நிபந்தனை, அடுத்து என்று அப்பா கணீரென்று வாசித்தார். அந்த நிபந்தனைகளை யாரும் வாசிப்பதில்லை. அப்பா அதிலும் ஒரு பாராவை முழுதாக வாசித்தார். நானும் கேட்டேன்.

எந்த டிரைவில் நிறுவுவது என்ற இடம் வந்தது. வரிசையாக டிரைவுகள் காட்டும். சி, டி என்று பெயர் வராது, அளவு மட்டும்தான் இருக்கும். சின்னது சி, பெரியது டி. அம்பை அமுக்கிவிட்டுக் கேட்டேன்.

"எந்த வரி நீலமா இருக்குப்பா?"

"இரு."

இருந்தேன்.

"நடுவுல உள்ளது."

"அளவு சின்னதா, பெருசா?"

"சின்னதுதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது அழிச்சிரும்."

"பாத்துதான சொல்லுதேன். சின்னதுதான். அமுக்கு."

அழிக்கும் பொத்தானை அமுக்கினேன். "எல்லாம் போயிரும், பரவால்லயான்னு கேக்கு" என்றார். கேட்கத்தான் செய்யும். பரவாயில்லை என்று கொடுத்தேன்.

நிறுவி முடிய மத்தியானமாகிவிட்டது. ஒலிக்கருவிக்கான கோப்பைப் பென் டிரைவிலிருந்து ஏற்றியதும் லேப்டாப் பேசியது. அப்பா கைதட்டினார். மழையோடு மழையாகக் கடைக்குப் போய்க் காராச்சேவு வாங்கிவந்தார். சட்டையெல்லாம் நனைந்து, முட்டியில் சிராய்ப்பு. தெருவில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வழுக்கிவிட்டது என்றார். தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் டி டிரைவைத் திறந்தேன். அதில் பழைய விண்டோஸ் இருந்தது. விண்டோஸ் தான் ஏறிய இடத்துக்கே சி என்று பெயர் வைத்துக்கொள்ளும். அதாவது பழைய சி அழியாமல் அப்படியே இருக்கிறது. புதியது ஏறியிருப்பது பழைய டி-யின் மேல்.

பெரிதாக ஒன்றும் போகவில்லை. பாடக் குறிப்புகளுக்கு நகல் இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

ராயப்பனிடம் சொன்னேன். போனில் முழுவதையும் சொல்ல விட்டான். பிறகு கேட்டான்.

"பதிவெல்லாம் போச்சா?"

"ம்."

"யாரு திரையைப் படிச்சது?"

"அப்பாதான்."

"செல்வி, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அப்பாவுக்குக் கண்ணைக் காட்டி எத்தன நாளாச்சு?"

அவருக்கு என்ன, இன்றைக்கும் காலையில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறார் என்றேன். "படிக்கிறாரா?" என்றான். காகிதம் புரளுகிற சத்தம் கேட்கிறது என்றேன். சொன்ன பிறகு எனக்கே அந்தப் பதில் ஒரு மாதிரியாக இருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன்.

அவன் எதையும் பெரிதாக்குவான்.

நவம்பர் 20, வியாழன்

மதிப்பெண் மென்பொருளைப் போட்டாயிற்று. அதில் உள்ள பொத்தான் எதற்கும் பெயர் வைக்கவில்லை. திரைவாசிப்பான் "பட்டன், பட்டன், பட்டன்" என்றே சொல்கிறது. எது சேமிப்பது, எது அனுப்புவது என்று அமுதா டீச்சரை வைத்து மனப்பாடம் செய்துகொண்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

நவம்பர் 23, ஞாயிறு

அப்பாவிடம் நாளிதழில் ஒரு செய்தி வாசிக்கச் சொன்னேன். எந்தச் செய்தியானாலும் சரி என்றேன். தலைப்பை வாசித்தார். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்றேன். "வழக்கம்போலத்தான். என்னத்தப் போடுதான், எல்லாம் விளம்பரம்" என்றார்.

துணி துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 29, சனி

எழுத ஒன்றும் இல்லை. லேப்டாப் நன்றாக ஓடுகிறது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. பள்ளி முடிந்து வந்து கொழுக்கட்டை பிடித்தேன். அப்பா வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் அவர்தான் வைப்பார்.

மாடியில் குடியிருக்கும் ரஹ்மத் அக்கா போட்ட சத்தம் கேட்டுத்தான் வெளியே ஓடினேன். துணி கருகின வாசனை. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டிருக்கிறார். அப்பாவின் வேட்டி ஓரத்தில் பிடித்திருக்கிறது. காலில் லேசாகத்தான் பட்டிருக்கிறது.

"ஒண்ணுமில்ல, காத்து அடிச்சிட்டு" என்றார் அப்பா.

அக்கா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். தணிந்த குரலில் பேசினார். "செல்வி, காத்தெல்லாம் இல்லம்மா. நான் மேலேந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இடது பக்கத்துல எரியுத விளக்கு அவுகளுக்குத் தெரியவே இல்ல. அதும் மேலயே வேட்டி கிடக்கு, அவுக பாட்டுக்கு அடுத்த விளக்குக்கு எண்ணெய் ஊத்துதாவ. எண்ணெயும் வெளியதான் போவுது. உங்கிட்ட சொல்லணும்னு கொஞ்ச நாளாவே நெனச்சேன். மாடிப்படியிலயும் ரெண்டு தடவ இடிச்சிக்கிட்டாவ."

அக்கா போன பிறகு அப்பாவுக்கு மருந்து போட்டேன். கேட்டேன்.

"எவ்வளவு நாளா?"

எதைக் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல இடது கண்ணு. கண்ணாடி போட்டா சரியாயிரும்னு நெனச்சேன். இப்ப வலதுலயும் ஓரமெல்லாம் இல்ல. நேரா பாத்தா நடுவுல கொஞ்சம் தெரியும். அதுவும் எழுத்து கருப்பா, பெருசா இருக்கணும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய? ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலன்னா இந்த வீட்டுல யாரு சோறு பொங்குவா?"

"சோறு நான்தானப்பா பொங்குதேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"யாருக்கும் தெரியாம வச்சிக்கிடலாம்னு பாத்தீங்களா?"

"வெளிய போனாத்தான தெரியும். வீட்டுல நீ மட்டும்தான." பிறகு அவசரமாக, "தப்பா எடுத்துக்காத" என்றார்.

நான் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"என்ன மாதிரி ஆயிருவோம்னு பயமாப்பா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கொழுக்கட்டைப் பானையில் தண்ணீர் வற்றும் சத்தம் கேட்டது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் பேசினார்.

"ஆமா."

அவ்வளவுதான். உண்மையைச் சொன்னார். முப்பத்தொன்பது வயதாகிறது எனக்கு. இவர் வாசித்துக் கேட்டுப் படித்து, வேலைக்குப் போய், இந்த வீட்டை நடத்துகிறேன். என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எம் பொண்ணுக்கு என்ன குறை" என்று ஊரெல்லாம் சொன்னவர் இவர்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். "அன்னிக்கி கம்ப்யூட்டர்லயும் நான் குத்துமதிப்பாத்தான் சொன்னேன் செல்வி. நீலமெல்லாம் எனக்குத் தெரியல. தப்பா ஏதும் ஆயிட்டோ?"

"இல்லப்பா. சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.

கொழுக்கட்டை சாப்பிட்டோம். உப்புப் போட மறந்திருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

கண் ஆஸ்பத்திரி. ஆட்டோவில் போனோம். பதிவு செய்கிற இடத்தில் அந்தப் பெண் என் கையில் சீட்டைக் கொடுத்து, "உங்களுக்கா மேடம்?" என்றாள். "அப்பாவுக்கு" என்றேன்.

கண்ணில் அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஓரத்துப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் இயந்திரமாம். நான் பேசாமல் இருப்பதாக இருந்தால் உள்ளே உட்காரலாம் என்றார் அங்கிருந்த தம்பி.

"ஐயா, நேரா உள்ள புள்ளிய மட்டும் பாருங்க. அங்கங்க வெளிச்சம் மின்னும். தெரிஞ்சதும் கையில உள்ள பட்டன அமுக்குங்க. தெரியாட்டா விட்டுருங்க, தேடாதீங்க."

இயந்திரம் ஒவ்வொரு தடவை வெளிச்சம் காட்டும்போதும் உள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. சொடக்கு மாதிரி, ஆனால் அதைவிட மெதுவாக. பார்வையுள்ளவர்களுக்கு அது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்வது போல அப்பாவின் கையில் இருக்கும் பட்டன் 'டக்' என்று கேட்க வேண்டும்.

சொடக்கு. டக். சொடக்கு. டக். சொடக்கு. சொடக்கு. சொடக்கு. சொடக்கு.

அப்பா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். சொடக்குகள் போய்க்கொண்டே இருந்தன. எப்போதாவது ஒரு டக். சில சமயம் சொடக்கே இல்லாமல் ஒரு டக். அது, எதையாவது அமுக்கிவிட வேண்டுமே என்று அமுக்கியது. "ஐயா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க" என்றார் அந்தத் தம்பி. அதற்குப் பிறகு நெடுநேரம் அப்பா அமுக்கவே இல்லை. என் கை மடியில் இருந்தது. கட்டைவிரல் தானாக அமுக்கிக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

இடது கண்ணுக்கு வந்தபோது வெறும் சொடக்கு மட்டும்தான்.

டாக்டர் அம்மா மறைக்காமல் சொன்னார். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. வலியே இல்லாமல் வருகிற நோய். போனது திரும்ப வராது. வலது கண்ணில் நடுவில் மிச்சம் இருக்கிறது, சொட்டு மருந்தைத் தவறாமல் போட்டால் அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொன்னார், காப்பாற்றிவிடலாம் என்று சொல்லவில்லை.

"ரெண்டு வருசம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் ஐயா."

"வந்திருக்கணும்மா" என்றார் அப்பா.

அப்பாவுக்குச் சொட்டு மருந்தைத் தானாக விட்டுக்கொள்ள வரவில்லை. கன்னத்தில்தான் விழுகிறது. நர்ஸிடம் எனக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு என் விரலைப் பிடித்து அப்பாவின் கீழ் இமையில் வைத்து, இப்படி இழுத்து, இந்தப் பள்ளத்தில் என்றார். இரண்டாவது தடவையே சரியாக விழுந்தது. விழுந்தால் அப்பாவின் இமை துடிக்கும், அது விரலில் தெரியும்.

டிசம்பர் 9, செவ்வாய்

சொட்டு மருந்துக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது.

அப்பா அதிகம் பேசுவதில்லை. நானும்தான்.

டிசம்பர் 13, சனி

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை ராயப்பன் அனுப்பினான். "மேலயே புதுசு ஏறிருச்சு, ரொம்ப எதிர்பார்க்காத" என்றான். ஓட விட்டேன். பெயரில்லாத கோப்புகள் கொஞ்சம் வந்தன. பெரும்பாலும் திறக்கவில்லை, சிலது வெறும் இரைச்சல்.

ஒன்று திறந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறை. நடு வாக்கியத்தில் தொடங்கி நடு வாக்கியத்தில் நிற்கிறது. ஹெட்போன் மாட்டாமல் திறந்துவிட்டேன். அப்பாவின் குரல் அறை முழுவதும் கேட்டது. பின்னால் அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம். அம்மா இறப்பதற்கு முந்தின வருடமாக இருக்க வேண்டும்.

அப்பா வந்து நிலைப்படி பக்கத்தில் நின்றார்.

"நானா?"

"ஆமா."

முடிகிற வரை நின்று கேட்டார். "நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றார். பிறகு, "மத்ததெல்லாம் எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கட்டில் முனகியது.

"அன்னிக்கி நான் சொன்ன வரி தப்பு. அப்படித்தான?"

இனிமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. "ஆமாப்பா" என்றேன். "நகல் எடுக்காம விட்டது நான்."

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போட்டும் விடு. அதக் கேட்டு நீ பாஸாயிட்டல்லா. இனி அத வச்சி யாரு பரீட்சை எழுதப்போறா?" என்றார்.

அவருக்குச் சொட்டு மருந்து நேரம். அழுதுகொண்டிருந்தால் மருந்து நிற்காது. கொஞ்சம் பொறுத்து விட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

லேப்டாப் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பழைய விண்டோஸா புதியதா என்று ஒரு பக்கம் காட்டி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் தானாகப் புதியதைத் திறக்கிறது. அந்தப் பக்கம் பேசாது. பழையதை எடுத்துவிடலாம் என்று ராயப்பன் சொன்னான். செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ரஹ்மத் அக்காவைக் கூப்பிடப்போனேன். மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பிவந்தேன்.

"அப்பா, ஒரு திரையைப் படிக்கணும். வாறீங்களா?"

"நானா?" என்றார். "ஏட்டி, பட்டது போதாதா ஒனக்கு?"

"வாங்க."

உட்கார்ந்தார். மெதுவாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு அட்டையை வரிக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னேன். தபால் பிரிக்கும்போது இப்படி யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன் என்று முணுமுணுத்தார். மேல் வரியை வாசித்தார். இரண்டு பெயர்களையும் வாசித்தார்.

"எது தேர்வாகியிருக்கு?"

நாற்காலி முன்னால் நகர்ந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறார் என்று சட்டைக் காலர் உரசுவதில் தெரிந்தது. காத்திருந்தேன்.

"தெரியல" என்றார்.

"சரி."

"நெசமா தெரியல செல்வி. ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"சரிப்பா. நான் கீழ அம்பை அமுக்குதேன். ஏதாச்சும் மாறுதான்னு மட்டும் சொல்லுங்க."

அமுக்கினேன். "மாறுது" என்றார் உடனே. "கீழதான் ஏதோ அசைஞ்சுது." மேலே அமுக்கினேன். "இப்ப மேல." இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தோம். பிறகு என்டரைத் தட்டினேன். புதியது திறந்து பேசியது.

அந்தப் பக்கம் இனி வராதபடி செய்துவிட்டேன். மீட்ட கோப்பை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

வரலாறு மதிப்பெண் முழுவதையும் நானே பதிந்து அனுப்பினேன். பட்டன், பட்டன், பட்டன். ஐந்தாவது பட்டன்தான் அனுப்புவது. பதிந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. தலைமையாசிரியை "உங்களதுதான் மொதல்ல வந்திருக்கு டீச்சர்" என்றார். அமுதா டீச்சருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தேன்.

கிளம்பத் தாமதமாகிவிட்டது. மழை வேறு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பாவின் செருமல் கேட்டது. குடையோடு நிறுத்தத்தில் நிற்கிறார். தனியாக ஏன் வந்தீர்கள் என்றேன். வரும்போது வெளிச்சம் இருந்ததாம்.

"இப்ப?"

"இருட்டிட்டு. கரண்டும் இல்ல போல, ஒரு விளக்கையும் காணோம்." கொஞ்சம் நிறுத்தி, "தெரு பூரா தோண்டிப் போட்டிருக்கான்" என்றார்.

பையிலிருந்து என் மடக்குக் குச்சியை எடுத்து விரித்தேன். சாதாரணமாக வெளியே போனால் அவர் முழங்கையை நான் பிடித்துக்கொள்வேன். அவர் அரை அடி முன்னால் நடப்பார். இன்றைக்கு நான் கையை நீட்டவில்லை. என் முழங்கையை மட்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

பஸ் போய்விட்டது. மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ ஒருவர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார். அதன் பிறகு அப்பாவின் கை தடவிக்கொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தது. இறுக்கமாக, சட்டையோடு சேர்த்துப் பிடித்தார். அது சரியான பிடி இல்லை.

"இவ்வளவு இறுக்கவேண்டாம்ப்பா. கட்டைவிரல் வெளிப்பக்கம், மத்த விரல் உள்பக்கம். நான் நின்னா நில்லுங்க."

மாற்றிப் பிடித்தார்.

"பள்ளம் எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"காலையில இந்த வழியாத்தான போனேன்."

நடந்தோம். பள்ளத்தின் ஓரத்தில் குச்சி மண்ணைத் தொட்டதும் நின்றேன். அவரும் நின்றார்.